கேஸ் மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்?

நெஞ்செரிச்சல் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். "எரியும்போது போடுவேன் டாக்டர்" என்பார்கள், இல்லையென்றால் "சாப்பிட்டு முடித்ததும்" என்பார்கள். ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் மாதிரி மாத்திரைகளுக்கு இரண்டுமே தவறான நேரம்.

இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. இந்த மாத்திரைகள் ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் அடைக்கும், சும்மா இருப்பதைத் தொடாது. பம்புகள் மும்முரமாக ஓடுவதோ நாம் சாப்பிடும்போது. அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். பொடித்தோ மென்றோ போடக் கூடாது. முதல் நாளே கேட்கவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள், முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும்.

உடனே எரிச்சல் அடங்க வேண்டுமென்றால் அதற்கு ஆன்டாசிட் திரவம் இருக்கிறது. சில நிமிடங்களில் கேட்கும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துபோகும். இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக்குகள் உடலில் சேரவிடாமல் இது தடுக்கும் என்பதால் இடைவெளி விட்டுத்தான் குடிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் குடிக்கவே வேண்டாம். சோடா உப்பைக் கரைத்துக் குடிப்பவர்களும் உண்டு, அதில் சோடியம் அதிகம், ரத்தக் கொதிப்போ இதய நோயோ இருந்தால் நல்லதல்ல.

இன்னொன்று, பலருக்கு அமிலம் அதிகமாகவே சுரப்பதில்லை. இருக்கிற அமிலம் மேலே ஏறுவதுதான் பிரச்சினை. இரைப்பைக்குத் தன்னைக் காக்க ஒரு சளிப்படலம் இருக்கிறது, உணவுக்குழாய்க்கு அப்படிப்பட்ட காப்பு இல்லை, அதனால்தான் எரிகிறது. இவர்களுக்கு மாத்திரையோடு சில பழக்கங்களும் மாற வேண்டும்: இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம், கட்டிலின் தலைப்பக்கத்தை 15 முதல் 20 செ.மீ. உயர்த்துவது (தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம்தான் கூடும்), இடது பக்கம் சாய்ந்து படுப்பது, தொப்பை இருந்தால் எடையைக் குறைப்பது.

வருடக்கணக்கில் மாத்திரை போடுபவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. திடீரென நிறுத்தினால் அமிலம் முன்பைவிட வேகமாகச் சுரக்கும், "பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமல் முடியவில்லை" என்று மறுபடி ஆரம்பித்துவிடுகிறார்கள். மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் பலரால் விட முடிகிறது. அப்புறம், மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போட்டுக்கொண்டே எரிச்சலுக்கு இன்னொரு மாத்திரை தேடுகிறவர்கள், வலி மாத்திரையைப் பற்றித் தயவுசெய்து மறைக்காமல் சொல்லுங்கள், அதுவே இரைப்பையில் அல்சரை, அதாவது புண்ணை உண்டாக்கலாம்.

ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியாலும் அல்சர் வரும். இதைக் கண்டுபிடித்த பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமியை ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஒழிக்காமல் அமிலத்தை மட்டும் குறைத்தால் புண் ஆறியது மாதிரி ஆறித் திரும்ப வரும். இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை செய்யப்போகிறீர்கள் என்றால் இரண்டு வாரம் முன்பே அமில மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும், இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

தார் மாதிரி கறுத்த மலம், ரத்த வாந்தி, விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்துக்கடையோடு நிற்காதீர்கள். நெஞ்சை அழுத்தி, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அதை கேஸ் என்று நினைத்து ஆன்டாசிட் குடித்துக் காத்திருக்கவே கூடாது, அந்த நிமிடமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.