ரத்தம் கூடினால் வரும் பக்கவாதம்

"அப்பாவுக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை, ஆனாலும் பக்கவாதம் வந்துவிட்டது. ரத்தம் அதிகமாக இருக்கிறதென்று ஊசி போட்டு எடுக்கிறார்கள். ரத்தம் கூடுதலாக இருப்பது நல்லதுதானே?" என்று கடலூர் முதுநகர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சோகையையே அதிகம் கண்டு பழகிய நமக்கு இந்த ஐயம் எழுவது இயல்பு.

ரத்தம் அதிகம் என்று இங்கே சொல்வது அதில் சிவப்பணுக்கள் அதிகம் என்பதைத்தான். புகைப்பழக்கம், நுரையீரல் நோய் ஆகியவற்றாலும் அவை கூடலாம். ஆனால் பாலிசைதீமியா வெரா என்னும் எலும்பு மஜ்ஜை நோயில் அவை கூடும் விதம் வியப்பூட்டுவது. ஆக்சிஜன் குறையும்போது சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்னும் ஹார்மோனைச் சுரக்கும். அது மஜ்ஜைச் செல்லின் ஏற்பியைப் பற்றியதும், உட்புறம் காத்திருக்கும் ஜாக்-2 என்னும் நொதி விழித்துக்கொண்டு, பெருகும்படி கட்டளையிடும். இந்த நொதியில் வேலை செய்யும் பகுதிக்குப் பக்கத்திலேயே, பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் இன்னொரு பகுதி உண்டு. முன்னதை அடக்கிவைக்கும் கடிவாளம் அதுதான். அந்தக் கடிவாளத்தில் 617ஆம் இடத்தில் இருக்க வேண்டிய வேலின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஃபீனைல்அலனின் என்னும் வேறோர் அமினோ அமிலம் அமர்ந்திருப்பதை 2005இல் கண்டறிந்தார்கள். டி.என்.ஏ.வில் மாறியது ஒரே ஓர் எழுத்து. நோயாளிகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினரிடம் இந்த மாற்றம் இருக்கிறது. சிறுநீரகம் சுரப்பைக் குறைத்துக்கொண்ட பின்னரும், வராத கட்டளைக்குக் கீழ்ப்படிந்து மஜ்ஜை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலும் இது வாழ்நாளில் ஒரு குருத்தணுவில் நேரும் மாற்றம் என்பதால், வாசகர் தமக்கும் வருமோ என்று பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை.

ரத்தக்குழாயின் நடுவே சிவப்பணுக்கள் நெருக்கியடித்து ஓடும்போது தட்டணுக்கள் சுவரோரமாகத் தள்ளப்படுகின்றன. உறைவு தொடங்கும் இடமும் அந்தச் சுவர்தான். உறைகட்டி இதயத் தமனியை அடைத்தால் மாரடைப்பு, மூளைத் தமனியை அடைத்தால் பக்கவாதம். குளித்தபின் உடலெங்கும் அரிப்பு, முகச்சிவப்பு ஆகியவை முன்னறிகுறிகளாகலாம். நம் ஊரில் அவற்றை உடல் சூடு என்று இளநீரோடு முடித்துவிடுகிறோம். எந்த ஆய்வகத்திலும் செய்யும் சி.பி.சி. என்னும் ரத்த அணுக்கள் சோதனையில் ஹிமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஆண்களுக்கு 49, பெண்களுக்கு 48 விழுக்காட்டைத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும்.

இந்தப் பங்கைக் குறைக்கத்தான் ரத்தத்தை எடுக்கிறார்கள். இந்நோயாளிகளில் ஹிமட்டோக்ரிட்டை 45க்குக் கீழே வைத்தவர்களில் 2.7 விழுக்காட்டினருக்கும், 45 முதல் 50 வரை விட்டவர்களில் 9.8 விழுக்காட்டினருக்கும் இதய, ரத்தக்குழாய் மரணமோ பெரிய உறைவோ நேர்ந்ததாக 2013இல் வெளியான இத்தாலிய ஆய்வு காட்டியது. ரத்தத்தை எடுப்பதில் எந்த நிறுவனத்துக்கும் லாபமில்லை. இத்தகைய ஆய்வுகளுக்கு அரசுதான் பணம் தர வேண்டும் என்பது என் கருத்து.

குறைந்த அளவு ஆஸ்பிரினும் வழக்கமாகத் தரப்படுகிறது. அடிக்கடி ரத்தம் எடுப்பதால் இரும்புச்சத்து குறையும். அந்தக் குறைவே சிவப்பணு உற்பத்தியை மட்டுப்படுத்த உதவுவதால், சோர்ந்திருக்கிறாரே என்று மருத்துவரைக் கேட்காமல் அப்பாவுக்கு இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.