செம்மண்ணின் சத்து எங்கே இருக்கிறது?

சாலை போடுவதற்காகக் குன்றை வெட்டிய இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். அடியில் கருங்கல். அதற்கு மேல் பாறை போலவே தெரியும் ஒரு பகுதி, அதே வரிகளும் அதே வெள்ளைப் புள்ளிகளுமாக இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அதற்கும் மேலே சிவந்த மண். பாறை நின்ற இடத்திலேயே மண்ணாகிக்கொண்டிருக்கிறது. மழை மிகுந்த வெப்பமண்டலத்தில் இந்த உதிரிப் பாறை பல பத்து மீட்டர் ஆழம்கூடப் போகும்.

பிரேசில், கயானா, மேற்கு ஆப்பிரிக்கா, தென்னிந்தியா, இலங்கை எனப் பல இடங்களில் நிலத்தின் அடித்தளம் கிரானைட், நைஸ் போன்ற பழம்பாறைதான். அவற்றில் பல 200 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. கனடாவிலும் பின்லாந்திலும் இதே மாதிரி பாறைகள் உண்டு. ஆனால் கடைசிப் பனியுகத்தில் பனிப்பாளங்கள் அங்கே இருந்த பழைய மண்ணைச் சுரண்டிவிட்டன. புதிதாக அரைத்த பாறைத்தூளைப் பரப்பிவிட்டுப் போயின. அந்த மண்ணுக்கு வயது பத்தாயிரம் ஆண்டு, அதைச் சற்றே தாண்டினால் அதிகம். வெப்பமண்டலத்தில் அப்படி யாரும் மண்ணைப் புதுப்பிக்கவில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகளாக மழை அதே மண்ணைக் கழுவிக்கொண்டே இருக்கிறது.

கருங்கல்லில் சத்து இல்லாமல் இல்லை. அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தில் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) சுண்ணாம்புச்சத்தும் (கால்சியம்) இருக்கின்றன. காக்காப்பொன் என்று நாம் சொல்லும் மைக்காவில் சாம்பல்சத்தோடு மெக்னீசியமும் சேர்ந்திருக்கும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது ஃபெல்ட்ஸ்பாரைத் தின்னத் தின்ன, சோடியமும் கால்சியமும் முதலில் கரைந்து போகின்றன. அப்புறம் மெக்னீசியம், பொட்டாசியம். சிலிக்காகூட மெதுவாகக் கரைந்து ஓடுகிறது. மிஞ்சுவது கயோலினைட் என்ற வெளிர் களிமண், கரையாத குவார்ட்ஸ் மணல், இரும்புத் துரு. ஹெமடைட் துரு மண்ணைச் சிவப்பாக்குகிறது, கோதைட் மஞ்சளாக்குகிறது. அந்தச் சிவப்பு, மண் துகள்மேல் பூசிய மெல்லிய பூச்சுதான். அதை வைத்து வளத்தை எடை போட முடியாது.

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. பாறை கொடுத்த சத்து போய்விட்டது, சரி. நாம் போடும் உரமாவது தங்குமா? களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் போன்ற நேர்மின் அயனிகள் அதில் ஒட்டிக்கொண்டு வேருக்காகக் காத்திருக்கும். கரிசல் மண்ணில் உள்ள ஸ்மெக்டைட் களி, பிரித்து வைத்த புத்தகம் மாதிரி. ஏடுகளுக்கு நடுவிலும் அயனிகள் புகுந்து உட்காரலாம். கயோலினைட் இறுக மூடிய புத்தகம். அட்டையிலும் ஓரத்திலும் மட்டுமே இடம். ஒரு கிலோ ஸ்மெக்டைட் ஏறத்தாழ 80 முதல் 120 சென்டிமோல் (மின்னூட்டத்தை எண்ணும் அலகு) மின்னூட்டத்துக்கு இடம் கொடுக்கும் என்றால், கயோலினைட் 3 முதல் 15 வரைதான். மட்கு? ஏறக்குறைய 200.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மண்ணில் பாதி கயோலினைட், நூறில் 2 பங்கு மட்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கயோலினைட் கிலோவுக்கு 8 பிடிக்கிறது என்றால், மண்ணில் பாதியான அந்தக் களி கொடுப்பது 4. வெறும் 2 பங்கு மட்கு கொடுப்பதும் 4! மட்கு இருக்கும் மேல்மண் ஒரு சாண் அரித்துப் போனால் எவ்வளவு போகிறது என்பது இதிலிருந்தே தெரியும். இந்த மண்ணில் உரத்தை ஒரே தடவையில் கொட்டுவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடச் சொல்வதும் இதனால்தான்.

மணிச்சத்தின் (பாஸ்பரஸ்) கதை நேர்மாறு. அது அவ்வளவாக ஓடிப்போவதில்லை, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அதை இறுகப் பிடித்துக்கொண்டு வேருக்கு விட மறுக்கின்றன. மண்ணின் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே போய் அமிலம் கூடினால் அலுமினியம் வேறு கரைந்து வெளியே வரும். வேர் நுனி தடித்துக் குட்டையாகிவிடும். ஆழத்தில் ஈரம் இருந்தும் பயிர் வாடும். பிரேசிலின் செராடோ புல்வெளி இப்படித்தான் விவசாயத்துக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்டிருந்தது. சுண்ணாம்பும் மணிச்சத்தும் போட்டு அதைப் பெரும் விளைநிலமாக்கியவர்களில் மூவருக்கு 2006-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதற்காக ஏராளமான இயற்கைப் புல்வெளி அழிந்ததையும் மறக்கக் கூடாது.

இந்த மண்ணுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. நன்கு முதிர்ந்த செம்மண்ணை ஒரு பிடி எடுத்து நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். முதலில் மணல் மாதிரி நறநறவென்றிருக்கும். விடாமல் பிசைந்தால், கொஞ்ச நேரத்தில் வழுவழுவென்று களியாகிவிடும். இரும்புத் துரு களித்துகள்களைக் கோத்து, மணல் அளவுக்குச் சின்னச் சின்ன உருண்டைகளாக்கி வைத்திருக்கிறது. அதனால் பாதிக்கு மேல் களி இருந்தாலும் மழைநீர் தேங்காமல் இறங்குகிறது, வேரும் சுலபமாகப் போகிறது.

இவ்வளவு ஏழை மண்ணில் அமேசான் காடு எப்படி நிற்கிறது? அங்கே சத்தில் பெரும்பங்கு மரத்திலும் சருகிலுமே இருக்கிறது. இலை விழுந்து மட்கியதும் மேலாகப் படர்ந்த வேர்கள் பூஞ்சைகளின் துணையோடு அதை உறிஞ்சிவிடுகின்றன. காட்டை எரித்து விதைத்தால் சாம்பல் இரண்டு மூன்று வருடம் சோறு போடும், அப்புறம் விளைச்சல் சரியும். கசிந்து போகும் மணிச்சத்தில் ஒரு பகுதியைச் சகாரா பாலைவனத்தின் தூசி அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து ஈடு கட்டுகிறது.

அதே அமேசானில் அங்கங்கே கறுப்பு மண் திட்டுகளும் இருக்கின்றன. 'டெர்ரா பிரேட்டா' என்று பெயர். பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த இடங்கள் அவை. தோண்டினால் கரித்துண்டு, எலும்பு, பானை ஓடு கிடைக்கும். எலும்பிலிருந்து கால்சியமும் மணிச்சத்தும் மண்ணில் சேர்ந்தன. கரி எளிதில் மட்காது. காலம் போகப் போக அதன் மேற்பரப்பு காற்றோடு வினைபுரிந்து எதிர்மின்னூட்டம் பெறுகிறது. கயோலினைட்டால் கொடுக்க முடியாத இடத்தை, என்றோ அணைந்த அடுப்புகளின் கரி இன்றும் அந்த மண்ணுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.