மண் பரிசோதனை அறிக்கையில் பலரும் தாண்டிப்போகும் வரி

காவிரிப் படுகையின் நெல் வயல்களிலிருந்து வரும் மண் மாதிரிகளைப் பரிசோதிப்பதும், அந்த முடிவுகளை வைத்து உழவர்களுடன் பேசுவதும் என் பணி. அறிக்கை கைக்கு வந்ததும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா, எத்தனை மூட்டை டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) என்பதுதான். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஆகிய மூன்று வரிகளையும் விரல் வைத்துப் படிப்பவர்கள், அதே தாளில் உள்ள அங்ககக் கரிமம் (ஆர்கானிக் கார்பன்) என்ற வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தத் தாளில் மிக முக்கியமான வரி அதுதான் என்பதும், இயற்கை வேளாண்மையா இரசாயன வேளாண்மையா என்று நாம் நடத்தும் வாதங்களில் பலவும் அந்த வரியைப் படித்தாலே தெளிந்துவிடும் என்பதும் என் உறுதியான கருத்து.

அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்பது நாங்கள் பின்பற்றும் அளவுகோல். மட்கிய இலை, வேர், சாணம், நுண்ணுயிர்களின் உடல் ஆகியவை எல்லாம் சேர்ந்ததுதான் இந்தக் கரிமம். மண்ணில் இயல்பாக இருக்கும் தழைச்சத்தில் பெரும்பகுதி இதற்குள்தான் அடங்கியிருக்கிறது. நுண்ணுயிர்கள் இதைச் சிதைக்கச் சிதைக்கப் பயிருக்குச் சிறிது சிறிதாகக் கிடைக்கிறது. களிமண் துகள்களைப் பிணைத்துக் காற்றும் நீரும் புகும் இடைவெளிகளை உண்டாக்குவதும், துத்தநாகம் போன்ற நுண்சத்துகளை வேர் எடுத்துக்கொள்ளும் நிலையில் பிடித்து வைப்பதும் இதுதான். இது குறைந்த மண்ணில் உரம் போட்டால் பயிர் பச்சை கட்டும், ஆனால் அந்தப் பச்சை விரைவில் வெளிறும். மீண்டும் மூட்டையைத் தேட வேண்டியிருக்கும். பல உழவர்கள் என்னிடம் சொல்லும் முறையீடு இதுவேதான்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதை நேர்மையாகப் பார்க்க வேண்டும். தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு 1960-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. குட்டை நெல் இரகங்களும் இரசாயன உரமும் வந்தபோது விளைச்சல் உயர்ந்தது. அரிசிக்காக வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்த்திருந்த நாட்டில் அது சிறிய செய்தியல்ல. அன்று அந்த உரத்தை ஏற்றுக்கொண்ட உழவர்களை இன்று குறை கூறுவது நியாயமும் அல்ல. ஆனால் புதியதை ஏற்றபோது பழையதைக் கைவிட வேண்டிய கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. முன்பு கொளிஞ்சி, சணப்பு ஆகிய பசுந்தாள் பயிர்களை விதைத்து மடக்கி உழுதார்கள், வேம்பு, புங்கம், ஆவாரை, எருக்கு ஆகியவற்றின் தழையை வெட்டிச் சேற்றில் மிதித்தார்கள், கோடையில் இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஓட்டிவரும் ஆடுகளை எருவுக்காக வயலில் அடைத்துக் கிடை கட்டினார்கள். மூட்டையில் வந்த உரம் இவற்றுக்குத் துணையாக நின்றிருக்கலாம். நடைமுறையில் இவற்றின் இடத்தையே எடுத்துக்கொண்டது.

கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கப்பட்ட நிலையான எருச் சோதனை வயல் இந்தியாவின் மிகப் பழைய வேளாண் ஆய்வுகளில் ஒன்று. அதன் வழியில் நாட்டின் பல இடங்களில் 1970-களிலிருந்து நீண்டகால உரச் சோதனைகள் நடந்து வருகின்றன. அவை திரும்பத் திரும்பக் காட்டும் உண்மை ஒன்று உண்டு. தழைச்சத்தை மட்டும் ஆண்டாண்டாகக் கொடுத்த பாத்திகளில் விளைச்சல் நிலைக்கவில்லை. சமச்சீரான உரத்துடன் தொழு உரமும் சேர்ந்த பாத்திகளில்தான் விளைச்சலும் கரிமமும் சேர்ந்து நிலைத்தன. நம் உரக்கடை விலைகளோ இதற்கு நேர் எதிர்த் திசையில் உழவரைத் தள்ளுகின்றன. மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களுக்கான மானிய முறை 2010-இல் மாற்றப்பட்டபோது யூரியா அதற்குள் கொண்டுவரப்படவில்லை. 45 கிலோ யூரியா மூட்டை சுமார் 266 ரூபாய்க்குக் கிடைக்கும்போது, டி.ஏ.பி. மூட்டைக்கு 1,350 ரூபாய் தர வேண்டியிருக்கிறது. மலிவானது அளவுக்கு மீறி வயலில் இறங்குவதில் வியப்பில்லை. அப்படி இறங்கும் யூரியாவிலும் நெற்பயிர் எடுத்துக்கொள்வது பாதிக்கும் குறைவு. மீதி அம்மோனியாவாகக் காற்றில் போகிறது, நைட்ரேட்டாக நீரில் கரைந்து இறங்குகிறது, ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மாறிப் புவியைச் சூடாக்குகிறது. அளவுக்கு மீறிய தழைச்சத்தால் இலை கொழுத்து மென்மையாகும்போது புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் வந்து சேர்கின்றன. பிறகு பூச்சிமருந்துக் கடையில் வைக்கும் செலவையும் யூரியாவின் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டால், அது மலிவு அல்ல என்பது புரியும்.

வைக்கோலைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கண்ணெதிரே நடக்கும் பெரிய இழப்பு அதுதான். அறுவடை இயந்திரம் போன கையோடு வைக்கோல் கட்டும் இயந்திரம் வயலில் இறங்குகிறது. கட்டுகள் லாரியில் ஏறி வெளியூர் போகின்றன. முன்பும் வைக்கோல் வயலை விட்டுப் போனது, ஆனால் ஊர் மாட்டின் வயிற்றுக்குள் போய்ச் சாணமாக அதே வயலுக்குத் திரும்பியது. நெற்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில்தான் தங்குகிறது. ஏக்கருக்கு 2 டன் வைக்கோல், அதில் 1.5 சதவீதம் பொட்டாசியம் என்று கொண்டால் 30 கிலோ வருகிறது. அதை, எடையில் பாதியே பொட்டாசியம் உள்ள மியூரேட் ஆஃப் பொட்டாஷ் உரமாக வாங்க வேண்டுமானால் 60 கிலோ வேண்டும், அதாவது ஒரு மூட்டைக்கும் அதிகம். கட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசும்போது இந்த மூட்டையின் விலையை யாரும் கழித்துப் பார்ப்பதில்லை. வைக்கோலோடு போகும் மணற்சத்தும் (சிலிக்கா) கரிமமும் இதற்கு மேல்.

அதற்காக எல்லா வைக்கோலையும் எப்போதும் வயலில் மடக்கி உழுதுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 80 பங்கு கரிமம் இருக்கிறது. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வதால், குறுவை அறுவடையான சில நாட்களிலேயே தாளடி நடும் வயலில் பச்சை வைக்கோலைப் புதைத்தால் இளம் நாற்று மஞ்சளித்து நிற்கும்; தேங்கிய நீரில் அங்கக அமிலங்களும் மீத்தேனும் உண்டாகும். சம்பா அறுவடைக்குப் பின் வரும் கோடைதான் இதற்கு உகந்த காலம். மண்ணில் ஈரம் இருக்கும்போதே வைக்கோலைச் சிதறவிட்டு ரோட்டவேட்டர் ஓட்டினால், மேட்டூர் அணைத் தண்ணீர் வருவதற்குள் அது மட்கிவிடும். நெல் தரிசில் உளுந்து விதைக்கும் வயலானால் வைக்கோலை வரப்போரம் குவித்துச் சாணக் கரைசல் தெளித்து மட்கவைப்பது நல்லது.

கரிமத்தை உயர்த்துவது மெதுவான வேலை என்பதை உழவர்களிடம் நான் மறைப்பதில்லை. ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ 9 இலட்சம் கிலோ. அதில் கரிமத்தை 0.1 சதவீதம் உயர்த்த 900 கிலோ கரிமம் மண்ணில் தங்க வேண்டும். பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால், நல்ல வயலில் 10 டன் வரை பசுந்தழை கிடைக்கும். அதில் 8 டன் வெறும் நீர். மீதி உலர்பொருளில் உள்ள கரிமம் சுமார் 800 கிலோ. அதிலும் பெரும்பங்கை நுண்ணுயிர்கள் மூச்சாக விட்டுவிடும். மண்ணில் நிலைத்துத் தங்குவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே பசுந்தாள் உரத்தை மட்டும் நம்பினால் அந்த 0.1 சதவீதத்துக்குக் குறைந்தது ஆறு ஆண்டுகள் ஆகும். தொழு உரமும் வைக்கோலும் ஆட்டுக்கிடையும் சேர்ந்தால் காலம் குறையும், ஆனால் ஒரே பருவத்தில் மண் மாறிவிடும் என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இந்தக் கணக்கைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதை இலங்கை காட்டிவிட்டது. அங்கே 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்கு ஒரே அறிவிப்பில் தடை விதித்தார்கள். மாற்றாகத் தேவையான எரு நாட்டில் இல்லை, மண்ணும் அதற்கு ஆயத்தமாக இல்லை. நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. நவம்பரிலேயே தடையைத் தளர்த்தினார்கள். அரிசியை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. அந்தத் தோல்வியை இயற்கை வேளாண்மையின் தோல்வி என்று பேசுவோர் உண்டு. மண்ணை ஆயத்தப்படுத்தாமல் உரத்தை நிறுத்தியதன் தோல்வி என்றே நான் அதைக் காண்கிறேன்.

இதே தவறு சிறிய அளவில் நம் வயல்களிலும் நடக்கிறது. இரசாயன உரத்தை முழுவதும் நிறுத்திவிட்டு, சாணமும் கோமியமும் கலந்த ஜீவாமிர்தக் கரைசலை மட்டும் ஊற்றி நெல்லை விளைவித்துவிடலாம் என்று தொடங்குபவர்களின் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஏக்கருக்கு இரண்டரை டன் நெல் விளைய 40 முதல் 50 கிலோ தழைச்சத்து வேண்டும். 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் இருப்பது சில நூறு கிராம்தான். அது நுண்ணுயிர்களைத் தூண்டும் கரைசல். தூண்டப்பட்ட நுண்ணுயிர்கள் தின்பதற்கு மண்ணில் தழையும் எருவும் இருந்தால்தான் பயன். கரிமம் 0.3 சதவீதமாக உள்ள வயலில் கரைசலை மட்டும் ஊற்றி, விளைச்சல் விழுந்ததும் மனமுடைந்து பழைய முறைக்கே திரும்பியவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. அவர்களுக்கு யாரேனும் முதலில் மண் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்க வேண்டும்.

எனவே நான் பரிந்துரைக்கும் வரிசை இது. கோடையில், எரு இடுவதற்கு முன், வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றை விட்டு, வயலின் பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கரிமம் குறைவு என்று வந்தால் அந்தக் கோடையிலேயே தக்கைப்பூண்டோ சணப்போ விதையுங்கள். முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் பசுந்தாள் உர விதைக்கு மானியம் உண்டா என்று வட்டார வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள். மடக்கி உழுத முதல் பருவத்தில் தழைச்சத்தில் கால் பங்கை மட்டும் குறையுங்கள். நட்ட பின் இடும் மேலுரத்தைத் தேதி பார்த்து இடாமல், இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் இலை வண்ண அட்டையைப் பார்த்து இடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, பிற இரகங்கள் பெரும்பாலானவற்றுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே நிறம் இறங்கினால் மட்டுமே யூரியா தேவை. மணிச்சத்து அதிகம் என்று அறிக்கை சொல்லும் வயலில் வழக்கம் என்பதற்காக டி.ஏ.பி. இட வேண்டாம், மிகுந்த மணிச்சத்து துத்தநாகப் பற்றாக்குறையை மேலும் கடுமையாக்கும். மண் மேம்பட மேம்பட உரத்தைப் படிப்படியாகக் குறைத்து, முழு இயற்கை முறைக்குப் போக விரும்புவோர் அங்கிருந்து போகலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு தடை மீதியிருக்கிறது, அதை எந்த ஆய்வகத்தாலும் நீக்க முடியாது. படுகையில் கோயில் நிலங்களும், நகரத்தில் வாழ்பவர்களின் நிலங்களும் ஏராளம். அவற்றைக் குத்தகைக்கு உழுபவர்களில் பலருக்கு வாய்மொழி ஒப்பந்தம்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு அந்த வயல் தம்மிடம் இருக்குமா என்று தெரியாத ஒருவர் ஐந்தாண்டு கழித்துப் பலன் தரும் வேலைக்கு விதையும் உழவுக்கூலியும் செலவிட மாட்டார். வைக்கோலை விற்றுக் கையில் வரும் பணத்தையே எடுத்துக்கொள்வார். அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. நிலத்தின் உரிமையாளராக இதைப் படிப்பவர்கள், குத்தகை பேசும்போது நெல்லையும் பணத்தையும் மட்டும் பேசாமல், குறைந்தது ஐந்தாண்டு உறுதியையும், பசுந்தாள் விதைச் செலவில் பாதியையும், வைக்கோலில் ஒரு பகுதி வயலிலேயே தங்க வேண்டும் என்பதையும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மண் பரிசோதனையையும் எழுத்தில் கொண்டுவாருங்கள். கரிமம் உயர்ந்தால் நிலத்தின் மதிப்பு உயர்வது உங்களுக்கு. அதற்கான உழைப்பு உழுபவருடையது. செலவையாவது பகிர்ந்துகொள்வதுதான் முறை.