அதே நம்பர்தான் மிஸ்

கோலாலம்பூர், செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு. ஏழு வயதுப் பையன், ஏஞ்சல்மன் சிண்ட்ரோம் என்ற மரபணுக் குறைபாடு, பேச்சு வரவில்லை. அம்மா நீட்டிய ஃபைலில் மூன்று வருட அறிக்கைகள். மூன்றிலும் மொழித்திறன் ஒரு வயதுக்கும் கீழே.

"அதே நம்பர்தான் மிஸ். அப்போ இவன் ஒண்ணுமே கத்துக்கலையா?"

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பையன் வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து ஐஸ்பெட்டிப் பக்கம் இழுத்தான். அவர் கவனிக்கவில்லை. கையை விட்டுவிட்டுப் போனவன், காலி மைலோ குவளையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தான். வைத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒரு வழி பலிக்கவில்லை என்றதும் வேறு வழி தேடுகிறான், பதிலுக்குக் காத்திருக்கிறான். போன வருடம் வெறும் அழுகைதானாம். இந்த வளர்ச்சிக்கு அந்த அறிக்கைகளில் இடமே இல்லை. வழக்கமான சோதனைகள் படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லும், விரலால் தொடச் சொல்லும். வாயும் கையும் ஒத்துழைக்காத பிள்ளை எத்தனை முறை சோதித்தாலும் அடிமட்டத்திலேயே நிற்கும். வீட்டில் தமிழ் கேட்டு வளரும் பிள்ளையை மலாயிலோ ஆங்கிலத்திலோ சோதித்தால் கேட்கவே வேண்டாம்.

நான் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கம்யூனிகேஷன் மேட்ரிக்ஸ் பயன்படுத்துகிறேன். பிள்ளை எந்த வழியில், எதற்காகத் தொடர்புகொள்கிறது என்று கட்டம் கட்டமாகக் குறிக்கும் மதிப்பீடு அது. அமெரிக்காவின் சாரிட்டி ரோலண்ட் 1990இல் வெளியிட்டது. பேச்சுக்கு வெகு முன்னாலிருந்தே தொடங்குகிறது: மொத்தம் 7 படிகள். மறுப்பது, கேட்டுப் பெறுவது, பழகுவது, தகவல் பரிமாறுவது என்று 4 காரணங்கள். பிள்ளையோடு அன்றாடம் இருப்பவர்கள் பார்த்ததுதான் இதற்கு ஆதாரம். அதனால் பாட்டியையும் கூட்டி வாருங்கள் என்பேன்.

ஒன்று மட்டும் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அழுகையைக் கேட்டுப் பசி என்று புரிந்துகொள்வது நம் திறமை. பசிக்கிறது என்று நம்மைத் தேடி வருவது பிள்ளையின் திறமை. ஆசையில் இரண்டையும் கலந்துவிட்டால் அடுத்த படிக்கு என்ன சொல்லித்தருவது என்றே தெரியாமல் போகும்.

அப்புறம், காத்திருப்பது. ரெட் சிண்ட்ரோம் என்ற மரபணுக் குறைபாடு உள்ள பெண்பிள்ளைகள் பலருக்குக் கை சொன்னபடி கேட்காது, கண்தான் பேசும். அந்தப் பார்வை வந்து சேரவும் நேரமாகும். தொடக்க காலத்தில் நான் இரண்டு விநாடியில் படத்தை எடுத்துவிட்டு 'பதில் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. இப்போது மனத்துக்குள் பத்து எண்ணுகிறேன், சில பிள்ளைகளுக்கு இருபது.

செந்தூல் அம்மாவிடம் ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன். பிள்ளை என்ன செய்தான், யாரிடம் செய்தான், நாம் கவனிக்காதபோது என்ன செய்தான், இவ்வளவு போதும். முடிந்தால் போனில் இரண்டு நிமிட வீடியோ. வேண்டியதைப் படம் காட்டிக் கேட்க உதவும் படஅட்டையையும் அன்றே தொடங்கினோம். அட்டை கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது பேச்சைத் தடுப்பதில்லை.

அடுத்த முறை நோட்டைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில்: 'காலை. இட்லி வேண்டாம்னு தலையைத் திருப்பினான். மறுபடி ஊட்டினேன். தட்டைத் தள்ளிட்டு என்னைப் பார்த்தான்.'

மேட்ரிக்ஸில் 'மறுப்பது' என்ற கட்டத்தை அவரையே நிரப்பச் சொன்னேன்.