கால்வாய்ச் செடிக்குச் சாப்பாடு போடுவது யார்?

வெள்ளவத்தைக் கால்வாயில் பெக்கோ இயந்திரம் இறக்கி ஆகாயத்தாமரையை அள்ளிப் போட்டாலும், கொஞ்ச நாளில் பழையபடி பச்சை மூடிவிடும். மட்டக்களப்புப் பக்கம் ஆற்றுவாழை என்பார்களே, அதேதான். 1909இலேயே இதைத் தடுக்கச் சட்டம் போட்ட நாடு இது. செடிக்குச் சட்டம் வாசிக்கத் தெரியாது. வெயிலும் சத்தும் சேர்ந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும்.

கொழும்பில் வெயிலுக்கும் தண்ணீருக்கும் பஞ்சமில்லை. காபனீரொட்சைட்டு காற்றிலேயே இருக்கிறது. ஆகவே வளர்ச்சிக்குக் கடிவாளம் போடக்கூடியவை நைதரசனும் பொசுபரசும்தான். இரண்டில் ஒன்றுக்குத் தட்டுப்பாடு வந்தாலும், மற்றவை எவ்வளவு இருந்தும் செடி மெதுவாகத்தான் வளரும். நம் கழிப்பறை, குசினித் தண்ணீர் கால்வாயில் சேரும்போது இரண்டும் தாராளமாகப் போய்ச் சேர்கின்றன. மிதக்கும் செடி, தொங்கும் வேர்களால் அமோனியம், நைத்திரேற்று, பொசுபேற்று எல்லாவற்றையும் நீரிலிருந்தே நேராக உறிஞ்சும். அன்றைய தேவைக்கு மேலாகவும் எடுத்துச் சேமித்து வைக்கும்.

சேற்றில் வேரூன்றும் சம்புக்கும் தாமரைக்கும் நிலைமை வேறு. சேற்றில் சத்து நிறைய உண்டு, ஒட்சிசன்தான் இல்லை. நீருக்குள் ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடக் கிட்டத்தட்ட 10,000 மடங்கு குறைவு. ஒட்சிசன் இல்லாமல் வேர் சுவாசிக்க முடியாது. சுவாசிக்காத வேருக்குச் சத்தை உள்ளே இழுக்கச் சக்தியும் இல்லை. அதனால் இவை காற்றைக் குழாய் வழியே கீழே அனுப்புகின்றன. தாமரைத் தண்டை முறித்துப் பார்த்தால் அந்தத் துளைகள் தெரியும். தாமரை இலைக்குள் உண்டாகும் மெல்லிய அமுக்கமே காற்றைக் கிழங்குவரை தள்ளுகிறது.

அப்படி வரும் ஒட்சிசனில் கொஞ்சம் வேரிலிருந்து வெளியே கசிகிறது. எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த இடமே இதுதான். கசிந்த இடத்தில் சேற்று இரும்பு துருப்பிடித்து, வேரில் செம்மண் நிறத்தில் படிகிறது. பொசுபரசு அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. அங்கேயே ஒரு வகைப் பக்றீரியா அமோனியத்தை நைத்திரேற்றாக்கும். சற்றுத் தள்ளி, ஒட்சிசன் எட்டாத சேற்றில் வேறொரு வகை அந்த நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பிவிடும். கொழும்பை அண்டிய தலங்கமவிலோ கொலன்னாவைச் சதுப்பிலோ நீர் தெளிகிறது என்றால், அதில் செடியைவிட இந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டத்துக்குப் பெரிய பங்கு இருக்கலாம்.

செடி உறிஞ்சியது வெறும் அடகுதான். செத்து அழுகினால் திரும்ப நீருக்கே வந்துவிடும். அழுகல் ஒட்சிசனையும் தின்றுவிடுவதால் துரு கரைந்து, அது பிடித்து வைத்திருந்த பொசுபரசும் வெளியே வரும். பொசுபரசு நைதரசனைப் போல வாயுவாகித் தப்பிப் போகாது. லொறியில் ஏறித்தான் போக வேண்டும். அள்ளிய செடியைக் கரையிலேயே குவித்துவிட்டால் அடுத்த மழை அதைத் திரும்பக் கால்வாயில் சேர்க்கும். சரி, ஏற்றிக்கொண்டு போகலாம் என்றால் பச்சைச் செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர், கூலி தண்ணீருக்கே போய்விடும். பசளையாக்கலாம், ஆனால் இந்தச் செடி ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சும். அதனால் நகரக் கால்வாயில் அள்ளியதைப் பரிசோதிக்காமல் கீரைப் பாத்தியில் போடக்கூடாது. பூஞ்செடிக்குப் போடுவதில் அவ்வளவு பயமில்லை.