புதுப் பாத்திரத்தின் கண்ணுக்குத் தெரியாத தோல்

வீட்டில் பீர் காய்ச்சுவதற்காகப் பெரிய எவர்சில்வர் பாத்திரம் வாங்கிய வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "உள்ளே துடைத்தால் துணி கறுப்பாகிறது. சோப்பு போட்டுக் கழுவினால் போதுமா, அமிலமும் ஊற்ற வேண்டுமா?" இரண்டும் தேவை. ஆனால் இரண்டும் செய்வது வேறு வேறு வேலை.

முதலில் கறுப்பு. தகட்டை அச்சில் அழுத்திப் பாத்திரமாக்கும்போது எண்ணெய் தடவுவார்கள். அப்புறம் மெருகேற்றும் பசையும் உலோகத் தூளும் அதில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் எண்ணெயில்தான் கரையும். அதனால் சமையல் எண்ணெய் தொட்ட துணியால், துணி வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். பிறகு சுடுநீரும் சோப்பும். அடியில் குழாய் இருந்தால் கழற்றிக் கழுவுங்கள், மரைகளுக்குள் எண்ணெய் ஒளிந்திருக்கும். துளி எண்ணெய் மிஞ்சினாலும் நுரைக் குமிழிகளின் சுவரைத் தாங்கும் புரதங்களின் பிடி தளர்ந்து, பீரின் நுரை அடங்கிவிடும்.

சுத்தமாகிவிட்டதா என்று தண்ணீரே சொல்லும். ஊற்றிச் சாய்த்தால் அறுபடாத ஒரே படலமாக வழிய வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. கிருமிநாசினி வேண்டாம், பீர் காய்ச்சும்போது வரும் ஒரு மணி நேரக் கொதியே கிருமிகளைப் பார்த்துக்கொள்ளும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. எவர்சில்வரில் பெரும்பங்கு இரும்புதான். பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 ரகத்தில் ஏறக்குறைய 18% குரோமியம், 8% நிக்கல், மிச்சமெல்லாம் இரும்பு. பிறகு ஏன் துருப்பிடிப்பதில்லை? இரும்பைவிட ஆவலாகக் குரோமியம் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. மேற்பரப்பு முழுக்கக் குரோமியம் ஆக்சைடு ஒரு தோல் போலப் படர்கிறது. அதன் தடிமன் 1 முதல் 3 நானோமீட்டர்தான் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). இரும்புத் துரு பொருபொருவென்று இருக்கும். காற்றும் நீரும் அதைத் தாண்டி உள்ளே போகும், துருவும் உதிரும். இந்தத் தோலோ நெருக்கமானது, உலோகத்தோடு இறுகப் பற்றியிருப்பது. கீறினால்? கீறலில் வெளிப்பட்ட குரோமியத்தைக் காற்று தொட்ட கணமே புதுத் தோல் வளரத் தொடங்கிவிடும். யாரும் பூசாத பூச்சு, தானே ஆறும் காயம்! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

இப்படிப்பட்ட தோலைப் பற்றிய யோசனை எவர்சில்வருக்கும் முந்தையது. 1836இல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர், நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் பொங்கிக் கரையும் இரும்பு, அடர் அமிலத்தில் சும்மா கிடப்பதைப் பற்றி ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடேவுக்கு எழுதினார். ஆக்சைடு படலம்தான் காரணமாக இருக்கும் என்று ஃபாரடே கருதினார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிரியர்லி என்ற உலோகவியலாளர் குரோமிய எஃகை, அதாவது எவர்சில்வரின் முன்னோடியை, உருக்கியது 1913இல்தான். 1836இல் ஷோன்பைன் தன் ஆய்வுக்குப் பணம் கேட்டிருந்தால், "இதனால் என்ன பயன்?" என்றுதான் கேட்டிருப்பார்கள். இன்றும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே பயனைக் கேட்பது தவறு என்பது என் உறுதியான கருத்து.

சரி, அமிலம் எதற்கு? தொழிற்சாலைக் கருவிகள் மேற்பரப்பில் இரும்புத் துகள்களைப் பதித்துவிடும். அவற்றுக்கு அந்தத் தோல் கிடையாது. அவை துருப்பிடிக்கும், பீரில் உலோகச் சுவை ஏற்றும், பீர் சீக்கிரம் பழசாகவும் காரணமாகும். சிட்ரிக் அமிலம் இரும்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும், குரோமியம் ஆக்சைடைத் தொடாது. லிட்டருக்கு 50 கிராம், சுமார் 60 டிகிரி சூடு, 20 நிமிடம். நன்றாக அலசி, ஒரு நாள் காற்றாட விடுங்கள். இரும்பு நாரால் தேய்த்தால் துகள்கள் மறுபடி வந்து உட்காரும். ப்ளீச்சிங் திரவமும் ஆகாது. அதிலுள்ள குளோரைடு தோலில் ஊசித் துளை போடும்.

அலுமினியப் பாத்திரமென்றால் கதை வேறு. அதன் ஆக்சைடு தோல் ஏறக்குறைய 4 முதல் 8.5 வரையான பிஎச் அளவில்தான் நிலைத்திருக்கும் (பிஎச் 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்). எனவே அமிலமும் வேண்டாம், சலவைச் சோடாவும் வேண்டாம். சோப்பால் கழுவி, காய்ச்சப்போகும் அளவுக்கும் மேலே வெறும் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரமாவது கொதிக்க விடுங்கள். கொதிநீரில் தோல் தடிக்கும், உட்புறம் மங்கிச் சாம்பல் நிறமாகும். பீராகப்போகும் மால்ட் சாறின் (முளைகட்டிய தானியத்திலிருந்து வடித்த சாறு) பிஎச் 5.2 முதல் 5.5 வரைதான், அது இந்தத் தோலைக் கரைக்காது. அழுக்கு என்று நினைத்து அந்தச் சாம்பல் நிறத்தைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் மறுபடி தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டியதுதான்.