ஜல்லோவை ‘மஞ்சள் படம்’ என்று எழுதாதீர்கள்

போன மாதம் காரைக்குடியில் தெரிந்த தம்பி ஒருவன் தான் எடுத்த படத்தின் போஸ்டரைக் கொண்டுவந்து காட்டினான். கானாடுகாத்தான் பக்கம் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டில், கூட்டாளிகள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, எட்டே நாளில் எடுத்த திகில் படம். நன்றாகவே வந்திருக்கிறது. இருட்டில் ஒரு கருப்புத் தோல் கையுறை வளவுத் தூணைத் தடவிக்கொண்டே நகர்கிறது, விளக்குக்கு முன்னால் கட்டிய சிவப்பு ஜெலட்டின் தாளால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை முழுக்க ரத்தம் ஊறினாற்போல் இருக்கிறது. அந்தத் தாளுக்கு என்ன பெரிய செலவு ஆகியிருக்கும்? ஆனால் போஸ்டரில் கொட்டை எழுத்தில் ‘ஒரு மஞ்சள் படம்’ என்று போட்டிருந்தான். வீட்டைக் கொடுத்த ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, “ஏன்டா தம்பி, எங்க வீட்டுக்குள்ள என்ன படம்டா எடுத்தீக?” என்று கேட்டாராம். ஆச்சி கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

‘ஜல்லோ’ என்பது கொலைகாரன் யாரென்று கடைசிவரை தேடவைக்கும் இத்தாலியத் திகில் பட வகை. அதற்குத்தான் ‘மஞ்சள் படம்’ என்று பெயர் வைக்கிறார்கள். இந்த வருஷம் மட்டும் இந்த மொழிபெயர்ப்பை நான் மூன்று நான்கு இடத்தில் பார்த்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

மூலச்சொல் இத்தாலியில் ‘ஜல்லோ’ (giallo). ஜியாலோ, கியாலோ என்றெல்லாம் எழுதுகிறார்கள். அங்கே ‘இ’ ஒலிக்காது, லகரம் இரட்டிக்கும். பொருள் மஞ்சள் நிறம். லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். 1929-இல் மொண்டடோரி என்ற பதிப்பகம் துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டை போட்டு வெளியிட ஆரம்பித்தது. அட்டையின் நிறமே அந்த வகைக் கதைக்குப் பெயராக நின்றுவிட்டது. அப்புறம் சினிமாவுக்கு வந்தது. 1963-இல் மரியோ பாவா எடுத்த ஒரு கருப்பு வெள்ளைப் படத்தைத்தான் பலரும் முதல் ஜல்லோ என்பார்கள். மஞ்சள் என்ற பெயருள்ள வகையின் முதல் படத்தில் மஞ்சளே கிடையாது!

‘மஞ்சள் படம்’ சரிதான் என்பவர்கள், “இத்தாலிக்காரன் மஞ்சள் என்கிறான், நாமும் மஞ்சள் என்போம், இதில் என்ன தப்பு” என்கிறார்கள். தப்பு என்னவென்றால், இத்தாலிக்காரனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் துப்பறியும் கதை நினைவுக்கு வருகிறது, நமக்கு வருவது வேறு. மஞ்சள் பத்திரிகை என்றால் நமக்கு அசிங்கமான கிசுகிசுத் தாள். அப்படிப் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் 1944-இல் கொலையான காலத்துக் கதையெல்லாம் அந்தப் பேச்சோடு சேர்ந்து வரும். நீலப்படம் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும், அதன் பக்கத்தில் மஞ்சள் படத்தை வைத்தால் வேறெப்படிப் புரியும்? வட்டிக்கடையும் பெட்டியடியுமாக வளர்ந்த எங்கள் ஊரில் மஞ்சக் கடுதாசி என்றால் கடன் வாங்கியவன் கைவிரித்துவிட்டான் என்று பொருள். இன்னொரு பக்கம் தாலிக்கயிறும் மஞ்சள், கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையும் மஞ்சள். இத்தனை பொருள் ஏறிக் கிடக்கும் சொல்லின் தலையில் முகமூடிக் கொலைகாரனையும் தூக்கி வைத்தால் அது எதைத்தான் சுமக்கும்? நிறத்தை மட்டும் மொழிபெயர்த்து அது சொன்ன பொருளைக் கோட்டைவிடுவது, அகராதியைத் திறந்து முதல் சொல்லை எடுத்துப் போடுகிறவர்கள் செய்கிற வேலை. சப்டைட்டில் எழுதுகிறவர்களில் பலர் இன்றைக்கு அதைத்தான் செய்கிறார்கள், படத்தைப் பார்த்துவிட்டு எழுதினால் பாதிப் பிழை வராது.

‘பேய்ப்படம்’ என்பதும் ஆகாது. ஜல்லோவில் பேய் வராது, கொல்லுகிறவன் மனிதன்தான், யார் என்பதுதான் கடைசிவரை கேள்வி. இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோவின் முதல் படத்தில் (1970) ஒருவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கொலை முயற்சியைப் பார்க்கிறான், பார்த்ததில் ஏதோ ஒன்று பிடிபடாமல் படம் முழுக்கத் தவிக்கிறான். முடிச்சு அந்த ஞாபகத்தில்தான் இருக்கிறது. அவரே 1977-இல் எடுத்த சூனியக்காரிகள் படம் வேறு வகை, அதையும் ஜல்லோக் கணக்கில் சேர்ப்பது பழக்கதோஷம்.

அதனால் நான் சொல்வது ‘கொலைப்புதிர்’. கொலையும் தமிழ், புதிரும் தமிழ், கேட்ட மாத்திரத்தில் ஆச்சிக்கும் புரியும். ‘மர்மக்கொலைப் படம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், மோசமில்லை, ஆனால் புதிர் இருக்கும்போது மர்மம் எதற்கு? கையுறை, சவரக்கத்தி, கலர் வெளிச்சம் என்ற அந்தப் பகட்டு கொலைப்புதிரில் வரவில்லைதான், ஒப்புக்கொள்கிறேன். இத்தாலியப் பாணியையே குறிப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஜல்லோ’ என்றே எழுதிவிடலாம். பிரெஞ்சில் கருப்பு என்று பொருள்படும் ‘நுவார்’ குற்றப்படங்களை நாம் கருப்புப் படம் என்றா சொல்கிறோம்?

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். முந்நூறு போஸ்டர் அடித்தாகிவிட்டது அண்ணே என்றான். சரி, அந்த ஒரு வரி மேல் மட்டும் ‘கொலைப்புதிர்’ என்று அடித்த துண்டுத்தாளை ஒட்டு, ஆச்சி வீட்டுத் தெருவிலிருந்து ஆரம்பி என்றேன்.